ஜிம் வான்ஸ்: நாலாம் சேனலின் நாற்பத்தைந்து வருஷம்

கேட்கப்பட்ட கேள்வி சுருக்கமாக இது: "2017இல் ஜிம் வான்ஸ் என்ற உள்ளூர் டிவி செய்தி வாசிப்பாளர் இறந்தபோது வாஷிங்டன் நகரமே துக்கம் அனுசரித்ததாகப் படித்தேன். வெளியூரில் யாருக்கும் தெரியாத ஒருவருக்கு ஏன் இவ்வளவு? அவர்தான் அங்கே முதல் கறுப்பின ஆங்கரா?"

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை, வான்ஸ் முதல் ஆள் இல்லை. வாஷிங்டனில் மாலைச் செய்தியின் முதன்மை நாற்காலியில் உட்கார்ந்த முதல் கறுப்பினத்தவர் மேக்ஸ் ராபின்சன், ஒன்பதாம் சேனலில். வான்ஸ் நாலாம் சேனல். கொஞ்சம் பின்னால் வந்தவர், ஆனால் வந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை. ஊர் அவருக்காக அழுததற்கு என் கணக்கில் அதுதான் காரணம். 'முதல்' என்ற பட்டத்தைவிட, நாற்பத்தைந்து வருஷம் அதே மேஜையில் இருந்தது பெரிது. அதைவிடப் பெரிது, அந்த வருஷங்களில் தான் விழுந்ததையும் எழுந்ததையும் மறைக்காமல் இருந்தது.

நான் 1990களின் நடுவிலிருந்து பல வருஷம் மேரிலாண்ட் பக்கம், மான்ட்கோமரி கவுன்டியில் இருந்தவன். வான்ஸின் பிந்தைய பாதியைப் பார்த்தவன். முந்தைய பாதி எனக்குப் படித்தும், அங்கேயே பிறந்து வளர்ந்த அலுவலக நண்பர்கள் சொல்லக் கேட்டும் தெரிந்தது.

அமெரிக்க உள்ளூர் டிவி எப்படி இயங்குகிறது என்று தெரிந்தால்தான் இந்தப் பிரியம் புரியும். என்பிசி, ஏபிசி, சிபிஎஸ் என்ற பெரிய நெட்வொர்க்குகளுக்கு ஒவ்வொரு நகரத்திலும் ஒரு நிலையம் உண்டு. தேசியச் செய்தியை நெட்வொர்க் தரும். மாலை ஆறு மணிக்கும் இரவு பதினோரு மணிக்கும் உள்ளூர் நிலையமே தன் ஊருக்கு மட்டும் செய்தி தரும்: எந்தச் சாலையில் நெரிசல், எந்தப் பள்ளிக்கூட போர்டில் சண்டை, எங்கே தீ விபத்து, நாளைக்குப் பனி விழுமா. மேஜையில் இரண்டு ஆங்கர்கள், கூடவே வானிலைக்கு ஒருவர், விளையாட்டுக்கு ஒருவர். நடுநடுவே கொஞ்சம் அரட்டை. மதுரைக்கு மட்டும், கோவைக்கு மட்டும் அப்படித் தினமும் ஒரே ஆட்கள் வந்து பேசும் வழக்கம் நமக்கு இல்லாததால், அந்த நெருக்கம் கற்பனைக்குக் கொஞ்சம் எட்டாது. பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, சாப்பிட்ட பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே பார்க்கிற முகங்கள் அவை. தேசிய ஆங்கரை மதிப்பார்கள். உள்ளூர் ஆங்கரைக் கடையில் பார்த்தால் தோளில் தட்டிப் பேசுவார்கள்.

அந்த மேஜைகளில் 1960களின் கடைசிவரை உட்கார்ந்திருந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் வெள்ளை ஆண்கள். வாஷிங்டனோ 1950களின் பிற்பகுதியிலேயே கறுப்பினத்தவர் பெரும்பான்மையான நகரம். 1970 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர்கள் 71 சதவீதம். ஊர் ஒரு நிறம், அந்த ஊரின் செய்தி சொல்கிறவர்கள் வேறு நிறம்.

இது யாருடைய பெருந்தன்மையாலும் மாறவில்லை. 1967இல் பல நகரங்களில் நடந்த இனக் கலவரங்களை ஆராய ஜனாதிபதி ஜான்சன் அமைத்த கெர்னர் கமிஷன் 1968 தொடக்கத்தில் அறிக்கை தந்தது. பத்திரிகை, டிவி ஆசிரியப் பணிகளில் கறுப்பினத்தவர் 5 சதவீதம்கூட இல்லை, மேல்நிலைப் பொறுப்புகளில் 1 சதவீதமும் இல்லை என்று அதில் ஒரு தனி அத்தியாயமே இருந்தது. சில வாரங்களில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். வாஷிங்டனில் பதினான்காம் தெரு, ஏழாம் தெரு, எச் தெரு மூன்றும் எரிந்தன. வெள்ளைக்கார நிருபர்களால் அந்தத் தெருக்களுக்குள் எளிதில் போக முடியவில்லை. போக முடிந்தவர்கள் தங்களிடம் வேலையில் இல்லை என்பது நிலையங்களுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

பயம் இன்னொரு பக்கத்திலிருந்தும் வந்தது. மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில் டபிள்யூஎல்பிடி என்ற நிலையம், கறுப்பினத்தவர் உரிமைப் போராட்டத்தைத் திட்டமிட்டு இருட்டடிப்பு செய்துவந்தது. 1969இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதன் ஒளிபரப்பு உரிமம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அப்போது உரிமம் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டியது. வாஷிங்டனிலேயே அதே 1969இல் பதினாறு கறுப்பினத் தலைவர்கள் சேர்ந்து ஏழாம் சேனலின் உரிமத்தைப் புதுப்பிக்கக் கூடாது என்று மனு போட்டார்கள். 1972இல் அந்த வழக்கில் தோற்றார்கள். ஆனால் உரிமம் போனால் நிலையமே போச்சு. வழக்கில் ஜெயித்த முதலாளிகளும் அந்தப் பயத்தை மறக்கவில்லை. அதனால்தான் 1969 வாக்கில் ஊர் ஊராகக் கதவுகள் திறந்தன. நிறுவனங்கள் தாமாகவே மனம் திருந்தின என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள்.

மேக்ஸ் ராபின்சனின் கதை இதற்கெல்லாம் பத்து வருஷம் முன்பே தொடங்குகிறது. 1959, வர்ஜீனியாவில் போர்ட்ஸ்மவுத் நகரின் சின்ன நிலையம் ஒன்று. இருபது வயதுப் பையன் செய்தி வாசிக்கும் வேலைக்குச் சேர்கிறான். குரல் பிரமாதம். ஆனால் அவன் வாசிக்கும்போது திரையில் நிலையத்தின் சின்னம் உள்ள ஸ்லைடு மட்டும் தெரியும், முகம் தெரியாது. ஒருநாள் இரவு அந்த ஸ்லைடை எடுத்துவிடச் சொல்லி முகத்தைக் காட்டி வாசித்தான். மறுநாள் வேலை போய்விட்டது.

அதே ராபின்சன் 1965இல் வாஷிங்டன் ஒன்பதாம் சேனலில் ஸ்டூடியோ உதவி வேலையில் சேர்ந்து, 1969இல் ஆங்கர் ஆனார். பிறகு கார்டன் பீட்டர்சன் என்ற வெள்ளைக்காரரோடு ஜோடியாக ஆறு மணிச் செய்தியையும் பதினோரு மணிச் செய்தியையும் ஊரின் முதலிடத்துக்குக் கொண்டுபோனார். 1978இல் ஏபிசி அவரைத் தேசியச் செய்திக்கு அழைத்துக்கொண்டது. அமெரிக்க நெட்வொர்க் ஒன்றின் மாலைச் செய்திக்கு முதல் கறுப்பின ஆங்கர். வாஷிங்டனில் ஃபிராங்க் ரெனால்ட்ஸ், லண்டனில் பீட்டர் ஜென்னிங்ஸ், சிகாகோவில் ராபின்சன் என்று மூன்று பேர் ஏற்பாடு.

கேட்க நன்றாக இருக்கும். உள்ளே அப்படி இல்லை. 1981இல் ஸ்மித் கல்லூரியில் பேசும்போது, ரேகன் பதவியேற்பு, ஈரானிலிருந்து பிணைக்கைதிகள் திரும்பியது போன்ற பெரிய செய்திகளில் தன்னை ஓரம்கட்டியதாகப் பகிரங்கமாகவே சொன்னார். முதலாளிகள் முகம் சுளித்தார்கள். குடிப்பழக்கம் வேறு. 1983இல் ரெனால்ட்ஸ் இறந்தபின் ஜென்னிங்ஸ் தனி ஆங்கர் ஆனார். ராபின்சன் சிகாகோவில் ஓர் உள்ளூர் நிலையத்துக்குப் போனார், அங்கும் நிலைக்கவில்லை. 1988 டிசம்பரில் எய்ட்ஸ் நோயால் இறந்தார். வயது 49. தன் நோயைச் சொல்லி கறுப்பின மக்களை எச்சரிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போனார். எய்ட்ஸ் என்ற வார்த்தையை வீட்டுக்குள்கூடச் சொல்லாத காலம் அது.

வான்ஸைப் பற்றிக் கேட்டால் மேக்ஸைப் பற்றி இவ்வளவு சொல்வது ஏன் என்று தோன்றலாம். வாஷிங்டன்காரர்கள் இரண்டு பேரையும் சேர்த்தேதான் பேசுவார்கள். 1970களின் முதல் பாதியில் நகரத்தின் மூன்று நெட்வொர்க் நிலையங்களில் இரண்டில், அதே நேரத்துச் செய்தியில், இரண்டு கறுப்பின முதன்மை ஆங்கர்கள். அன்றைய அமெரிக்காவில் இதற்கு இணையாக இன்னொரு பெரிய நகரத்தைக் காட்டுவது கஷ்டம்.

சரி, வான்ஸ். 1942 ஜனவரியில் பிலடெல்பியாவுக்குப் பக்கத்தில் ஆர்ட்மோர் என்ற ஊரில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டார், வளர்த்தது தாத்தா பாட்டி. 1837இல் தொடங்கிய கறுப்பினக் கல்லூரியான செய்னியில் ஆசிரியர் படிப்பு. பிற்காலத்தில் சிபிஎஸ் நெட்வொர்க்கில் புகழ்பெற்ற எட் பிராட்லி அங்கே அவரோடு படித்தவர். பிலடெல்பியாவில் கொஞ்ச நாள் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார், கொஞ்ச நாள் பத்திரிகை, பிறகு டிவி. 1969இல் வாஷிங்டனின் நாலாம் சேனல் டபிள்யூஆர்சியில் நிருபராகச் சேர்ந்து 1972இல் ஆங்கர் ஆனார். நெப்ராஸ்கா அவென்யூவில் இருக்கிறது அந்த நிலையம். 1960 ஜனாதிபதித் தேர்தலில் கென்னடியும் நிக்ஸனும் இரண்டாவது டிவி விவாதம் நடத்தியதும் அதே கட்டடத்தில்தான்.

1970களின் பழைய படங்களைப் பார்த்தால், ஆப்ரோ என்ற, பந்துபோல் அடர்ந்து நிற்கும் சுருட்டை முடி, மீசை, அகலமான டை. அந்த முடிக்கு அன்றைக்கு என்ன விலை என்று தெரிய நியூயார்க்கில் மெல்பா டாலிவர் என்ற கறுப்பின டிவி நிருபருக்கு நடந்ததைப் பாருங்கள். 1971இல் ஜனாதிபதி நிக்ஸன் மகளின் கல்யாணச் செய்தி சேகரிக்க அவர் ஆப்ரோவோடு போனார். முடியை மாற்று, இல்லாவிட்டால் துணியால் மூடு என்றது நிலையம். அவர் மறுத்தார். ஸ்டூடியோவில் உட்காரவிடாமல் கொஞ்ச நாள் வைத்திருந்து, விஷயம் பத்திரிகைகளில் வந்தபின்தான் இறங்கி வந்தார்கள். அட்லாண்டாவில் மோனிகா காஃப்மன், சான்பிரான்சிஸ்கோவில் பெல்வா டேவிஸ் என்று ஒவ்வொரு ஊருக்கும் இப்படி ஒரு முகம் உண்டு. பெல்வா டேவிஸ் 1964 குடியரசுக் கட்சி மாநாட்டில் கூச்சலும் எறிபொருளும் வாங்கிக்கொண்டு வெளியேறியவர். அப்புறம் மேற்குக் கடற்கரையிலேயே முதல் கறுப்பினப் பெண் டிவி நிருபர் ஆனார். ஒவ்வொருவருக்கும் தனிப் பதிவே போடலாம்.

1976இல் வான்ஸோடு சூ சிமன்ஸ் சேர்ந்தார். இரண்டு கறுப்பின ஆங்கர்கள் ஜோடியாக ஒரே மேஜையில் உட்கார்ந்தது பெரிய நகரங்களில் அநேகமாக அதற்குமுன் நடந்ததில்லை. என்னோடு வேலை பார்த்த ஒரு அம்மா, நகரின் தென்கிழக்குப் பகுதியில் பிறந்து வளர்ந்தவர், அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லும்போது செய்தியைப் பற்றிப் பேசவே மாட்டார். அவருடைய அம்மா செய்தி நேரத்துக்குத் தலை சீவிக்கொண்டு உட்காருவாராம், வீட்டுக்கு விருந்தாளி வருகிற மாதிரி. சிமன்ஸ் 1980இல் நியூயார்க் போய்விட்டார். வான்ஸ் போகவில்லை.

பிறகு வந்த வருஷங்கள் மோசமானவை. 1980களின் நடுவில் வான்ஸ் கோகெய்னுக்கு அடிமையாக இருந்தார். சிகிச்சைக்காகக் கலிபோர்னியாவில் பெட்டி ஃபோர்டு மையத்துக்குப் போனார். ஆங்கர் திரையிலிருந்து காணாமல் போனால் ஊருக்குத் தெரியாமல் இருக்குமா? பத்திரிகைகள் எழுதின. திரும்பி வந்தவர் மழுப்பவில்லை. போதையைப் பற்றி, மனச்சோர்வைப் பற்றி, உயிரை விட்டுவிடலாமா என்று நினைத்ததைப் பற்றி, பின்னாளில் யார் கேட்டாலும் பேசினார். மீண்டுவர முயல்கிறவர்களின் கூட்டங்களிலும் பேசினார்.

இதில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நிலையம் அவர் இடத்தை வைத்திருந்து திரும்பக் கொடுத்தது. அவருக்குப் பார்வையாளர்கள் இருந்ததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கிராக் கோகெய்ன் வாஷிங்டனைச் சூறையாடிய அதே காலத்தில், தெருவில் பிடிபட்ட கறுப்பின இளைஞர்களுக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைக்கவில்லை, ஜெயில்தான் கிடைத்தது. மேக்ஸுக்கும் அப்படி யாரும் காத்திருக்கவில்லை.

1990 ஜனவரியில் மேயர் மேரியன் பேரி விஸ்டா ஹோட்டல் அறையில் கிராக் புகைக்கும்போது எஃப்பிஐ வைத்த பொறியில் சிக்கினார். அந்தப் படக்காட்சி உலகமெல்லாம் ஓடியது. தேசிய டிவிக்கு அது கேலி. உள்ளூர்க்காரர்களுக்கு அவர் பேரி, கோடையில் பிள்ளைகளுக்கு வேலை வாங்கித் தந்தவர், தங்களை ஏமாற்றியவரும்கூட. அப்போது நாலாம் சேனலின் மேஜையில் இருந்தவர் அதே பொருளிலிருந்து மீண்டு வந்தவர் என்பது பார்க்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும். அந்த ஊரில் எனக்குத் தெரிந்த பலர் வான்ஸை 'நம்ம ஆள்' என்று நினைக்கத் தொடங்கிய காலமாகச் சொல்வது அதைத்தான்.

1989இல் டோரீன் ஜென்ஸ்லர் ஜோடி சேர்ந்தார். வானிலைக்கு பாப் ரயன், விளையாட்டுக்கு ஜார்ஜ் மைக்கேல். நான் பார்த்தது இந்த நான்கு பேர் அணியைத்தான். ஆண்டுக்கணக்கில் அவர்கள்தான் முதலிடம். ஜென்ஸ்லர் நிதானம், வான்ஸ் கொஞ்சம் முரட்டுத்தனம். காதில் கடுக்கன், ஓட்டுவது ஹார்லி டேவிட்சன். செய்தி வாசித்து முடித்ததும் சில சமயம் தாளைக் கீழே வைத்துவிட்டு, முகம் இறுகி, தன் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுவார். ஆங்கர்கள் செய்யக் கூடாதது என்பார்கள் அதை. எனக்கும் எல்லா நாளும் அவர் சொன்னது சரியாகப் பட்டதில்லை. ஆனால் காலையில் அலுவலகத்தில் அதைப் பற்றித்தான் பேச்சு.

ஜார்ஜ் மைக்கேல் பிலடெல்பியா வானொலியில் டிஜேயாக இருந்தவர், வாய் ஓயாத மனிதர். ஒரு நாள் அவருடைய பகுதியில் பேஷன் ஷோ ஒன்றில் ஒரு மாடல் வழுக்கி விழுகிற காட்சியைப் போட்டார்கள். வான்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார். மைக்கேல் அடக்கவிடவில்லை. கண்ணில் தண்ணீர் வழிய, குரல் வெளியே வராமல், மேஜையில் கவிழ்ந்துகொண்டு இருவரும் சிரித்தார்கள். பல வருஷம் கழித்து யூடியூபில் அது பரவியபோது, வாஷிங்டன் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்களும் பார்த்துச் சிரித்தார்கள்.

எனக்கு அவரை நினைத்தால் முதலில் வருவது 2002 அக்டோபர். மறைந்திருந்து சுடுகிறவர்கள் மூன்று வாரம் ஊரையே பிடித்து ஆட்டினார்கள். பத்து பேர் செத்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் எங்கள் மான்ட்கோமரி கவுன்டியில். அக்டோபர் 3ஆம் தேதி காலை, பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்த, இந்தியாவில் பிறந்த டாக்ஸி ஓட்டுநர் ஒருவரும் சுடப்பட்டார். அதன்பிறகு எங்கள் வட்டத்தில் இந்தியர், தமிழர் எவருக்கும் அது டிவிச் செய்தியாக இருக்கவில்லை. பெட்ரோல் போடும்போது காருக்குப் பின்னால் குனிந்து நின்றோம். பள்ளிகளில் பிள்ளைகளை மைதானத்துக்கு விடவில்லை. வெள்ளை வேனைக் கண்டால் நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்த வேன் தகவலே தப்பு, கடைசியில் மாட்டியது ஒரு பழைய நீல ஷெவ்ரலே கப்ரீஸ் கார்.

அந்த வாரங்களில் தேசிய சேனல்களில் முன்னாள் போலீஸ் நிபுணர்கள் வரிசையாக வந்து, கொலைகாரன் எப்படிப்பட்டவன் என்று ஆரூடம் சொன்னார்கள். வெள்ளைக்காரனாக இருப்பான் என்று சொன்னவர்களும் உண்டு, அதுவும் தப்பு. வீட்டில் என் மனைவி ரிமோட்டை வாங்கி நாலாம் சேனலுக்கு மாற்றிவிடுவாள். வான்ஸும் ஜென்ஸ்லரும் தெரிந்ததைச் சொல்வார்கள்: எந்தப் பள்ளிகளுக்கு என்ன ஏற்பாடு, எந்தச் சாலை மூடல். எங்கள் தெருப் பெயர்களை அவர் தடுமாறாமல் சொல்வார். ஆஸ்பென் ஹில், வீட்டன், கென்சிங்டன் என்று அவர் வாயில் வரும்போது, இந்த ஆளும் இங்கேதான் வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஒரு தைரியம். அதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

2013இல் வாஷிங்டனின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியின் பெயரை மாற்ற வேண்டும் என்று அவர் ஒளிபரப்பிலேயே சொன்னார். அமெரிக்கப் பூர்வகுடிகளை இழிவாகக் குறிக்கும் 'ரெட்ஸ்கின்ஸ்' என்ற பெயர் அது. கறுப்பினத்தவரைக் குறிக்கும் அந்தக் கொடிய வசைச்சொல்லோடு ஒப்பிட்டுப் பேசினார். அந்த ஊரில் அந்த அணி கிட்டத்தட்ட மதம். அவர் செய்தியைப் பார்ப்பவர்களில் பாதிப் பேர் அணியின் ரசிகர்களாக இருப்பார்கள், கறுப்பின ரசிகர்களும் ஏராளம். வயது எழுபதைத் தாண்டிய ஒருவர் தன் சொந்தக் கூட்டத்தையே சீண்டத் துணிந்தார். 2020இல் அணி அந்தப் பெயரைக் கைவிட்டது. பார்க்க அவர் இல்லை.

2017இல் தனக்குப் புற்றுநோய் என்று அவரே அறிவித்தார். ஜூனில் யு தெருவில் உள்ள பென்ஸ் சில்லி பவுல் உணவகத்தின் பக்கச் சுவரில் புதிய ஓவியம் திறக்கப்பட்டது. 1958இல் தொடங்கிய கடை, 1968 கலவரத்தின்போதும் மூடாத கடை. அந்தச் சுவரில் இடம் கிடைப்பது அந்த ஊரில் பத்ம விருதைவிடப் பெரிது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒபாமா தம்பதி, முகமது அலி, அடிமைகளை மீட்ட ஹேரியட் டப்மன், இவர்களோடு வான்ஸ். திறப்புக்கு அவரும் வந்திருந்தார். ஜூலை 22ஆம் தேதி இறந்தார், வயது 75. செப்டம்பரில் நேஷனல் கதீட்ரலில் நினைவு வழிபாடு நடந்தது. ஜனாதிபதிகளுக்கு இறுதி வழிபாடு நடக்கிற இடம் அது.

ஜென்ஸ்லர் 2022 வரை அதே மேஜையில் தொடர்ந்தார். நகரம் அதற்குள் மாறிவிட்டது. கறுப்பினத்தவர் 2011 வாக்கிலேயே பாதிக்கும் கீழே போய்விட்டார்கள், பதினான்காம் தெருவில் இப்போது விலை உயர்ந்த அடுக்குமாடி வீடுகள். புதிதாகக் குடிவந்தவர்களிடம் வான்ஸ் என்று சொன்னால், யார் அது என்று கேட்பார்கள். பழைய ஆட்களிடம் கேட்டால் அரைமணி நேரம் விடமாட்டார்கள்.

உங்களுக்கு அவரைப் பார்க்க வேண்டும் என்றால் இணையத்தில் தேடுங்கள். அணிப் பெயரைப் பற்றிய கருத்துரையையும் பார்க்கலாம், போதையைப் பற்றி அவர் பேசிய பேட்டிகளையும் பார்க்கலாம். ஆனால் முதலில் அந்தச் சிரிப்பு வீடியோவைப் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.